மலை மிதிவண்டிக் குழு ஓட்டம்

மலை மிதிவண்டிக் குழு ஓட்டம் என்பது, கரடுமுரடான மண் தடங்களில் செல்வதற்கென வடிவமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் (மிதிவண்டி, இலங்கை வழக்கில் துவிச்சக்கரவண்டி) பலர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒன்றாக மேற்கொள்ளும் பொழுதுபோக்குப் பயணம் ஆகும். இது போட்டி அன்று. பெரும்பாலும் நான்கு முதல் பத்துப் பேர் வரை, தங்கள் ஊருக்கு அருகிலுள்ள மலை அல்லது காட்டுத் தடங்களில், இரண்டு முதல் நான்கு மணிநேரம் ஓட்டித் திரும்புவர். போட்டிகளைப் பற்றிய செய்திகளே பரவலாகத் தெரிந்தபோதிலும், மலை மிதிவண்டி வைத்திருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இவ்விளையாட்டை அறிவது இத்தகைய ஓட்டங்களின் வழியாகவே எனலாம்.

மலை மிதிவண்டி விளையாட்டின் தோற்றமும் நண்பர்களின் குழு ஓட்டமே. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே அமைந்துள்ள மரின் மாவட்டம் இதன் பிறப்பிடங்களுள் முதன்மையானதாகக் கருதப்படுகின்றது. மிதிவண்டிகளுக்குத் தடங்கள் மூடப்படும் சிக்கலும் அங்கேயே முதலில் கடுமையாக எழுந்தது. குழு ஓட்டத்தை எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பது தொடர்பாக இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் வழக்கங்கள் பலவற்றை இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் பார்க்கும்போதே விளங்கிக்கொள்ள முடியும்.

தோற்றம்

மண் பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவது புதியதன்று. ஐக்கிய அமெரிக்கப் படையின் 25ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த கறுப்பினப் படைவீரர்கள் 1897ஆம் ஆண்டில் மொன்டானா மாநிலத்தின் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் நகர் வரை சுமார் 3,000 கி.மீ. தொலைவை மிதிவண்டியில் கடந்தனர். பிரித்தானியாவில் 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ரஃப் ஸ்டஃப் தோழமைக் கழகம், சாலையை விட்டு விலகி மலைப்பாதைகளில் ஓட்டுவோருக்கான அமைப்பாகும். எனினும் இவை எவற்றிலிருந்தும் தனியான ஒரு விளையாட்டோ, அதற்கென ஒரு மிதிவண்டியோ உருவாகவில்லை.

மரின் மாவட்டத்தில் 784 மீட்டர் உயரமுள்ள டாமல்பையஸ் மலையும் அதனைச் சூழ்ந்த குன்றுகளும் உள்ளன. காட்டுத்தீயை அணைக்கும் வண்டிகள் செல்வதற்காக இக்குன்றுகளில் மண்சாலைகள் வெட்டப்பட்டிருந்தன. 1970களில் ஃபேர்ஃபேக்ஸ், லார்க்ஸ்பர் முதலிய சிற்றூர்களைச் சேர்ந்த இளைஞர்கள், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட பழைய மிதிவண்டிகளைப் பழம்பொருள் கடைகளில் குறைந்த விலைக்கு வாங்கி, தேவையற்ற பாகங்களைக் கழற்றிவிட்டு, இச்சாலைகளில் ஓட்டத் தொடங்கினர். ஷ்வின் நிறுவனத்தின் எக்செல்சியர் வகை மிதிவண்டி இவர்களால் பெரிதும் விரும்பப்பட்டது. அதன் அகலமான டயர்கள் கற்களையும் பள்ளங்களையும் தாங்கின. சாலைப் பந்தயங்களில் பங்கேற்ற மெல்லிய டயர் மிதிவண்டியாளர்களும் இவர்களுள் இருந்தனர். பந்தயம் இல்லாத நாட்களில் காட்டுக்குள் போய்வருவதே அவர்களது நோக்கமாக இருந்தது.

யார் வேகமாக இறங்குவது என்ற பேச்சு இக்குழுவினரிடையே அடிக்கடி எழுந்தது. பாதை குறுகலானது என்பதால் அனைவரும் ஒன்றாகப் புறப்பட்டு அதைத் தீர்மானிக்க முடியவில்லை. ஆகவே ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்பி நேரத்தைக் கணக்கிடும் முறையை மேற்கொண்டனர். 1976 அக்டோபர் 21ஆம் நாள் ஃபேர்ஃபேக்ஸ் அருகே இம்முறையில் முதல் ஓட்டம் நடைபெற்றது. இதனை ஒழுங்கு செய்தவர்களுள் சார்லி கெல்லி முதன்மையானவர். அன்று கீழே விழாமல் வந்து சேர்ந்த ஒரே ஒருவரான ஆலன் பாண்ட்ஸ் வென்றார்.

அந்தச் சரிவுச் சாலைக்கு ரீபேக் என்ற பெயர் ஏற்பட்டது. பழைய மிதிவண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் பின்சக்கரத்தின் குடத்துக்குள் இருந்தது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் உராய்வினால் குடம் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். வீடு திரும்பியதும் குடத்தைப் பிரித்து மீண்டும் கிரீஸ் நிரப்ப வேண்டும். 'மீண்டும் நிரப்பு' என்பதே ரீபேக் என்பதன் பொருள். சாலையின் நீளம் ஏறத்தாழ 3.4 கி.மீ. அதற்குள் அது சுமார் 400 மீட்டர் இறங்குகின்றது. கேரி ஃபிஷர் இதனை 4 நிமிடம் 22 விநாடிகளில் கடந்ததே மிகக் குறைந்த நேரமாகும். ஜோ பிரீஸ் அவரைவிட இரண்டு விநாடிகள் பின்தங்கினார். பிரேக் புகைந்துகொண்டிருக்கும் வண்டியில் சராசரியாக மணிக்கு 46 கி.மீ. வேகம் என்பது இன்றைய கண்ணுக்கும் சிறியதன்று.

இக்குழுவிலிருந்தே புதிய மிதிவண்டியும் வந்தது. ஜோ பிரீஸ் 1977இல் இவ்வகை ஓட்டத்துக்கென்றே புதிதாகச் சட்டம் செய்து பிரீசர் என்னும் மிதிவண்டியை உருவாக்கினார். 1979இல் டாம் ரிச்சி செய்த சட்டங்களைக் கொண்டு ஃபிஷரும் கெல்லியும் மவுன்டன்பைக்ஸ் என்ற பெயரில் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். இன்று உலகெங்கும் வழங்கும் மவுன்டன் பைக் என்ற சொல் பரவியது இதிலிருந்தே. 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் பேரளவில் தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் போட்டி சேர்க்கப்பட்டது. தொடக்க காலத்தை வெண்டி கிராக் எடுத்த ஒளிப்படங்களிலிருந்து அறிய முடிகின்றது. அவரும் அக்குழுவில் ஓட்டியவர். அவரது படங்களில் பந்தயத்தைவிட, வண்டிகளைத் தள்ளிக்கொண்டு பேசியபடி மேடேறும் நண்பர்களே மிகுதி.

அக்கால ஓட்டங்களுள் ஒன்று இன்றும் வழக்கில் உள்ளது. நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமையான நன்றி நவிலும் நாளன்று காலையில், பெருவிருந்துக்கு முன் பசியைத் தூண்டிக்கொள்வதற்காக என்ற வேடிக்கையான காரணம் கூறி, ஃபேர்ஃபேக்சிலிருந்து பைன் மலையைச் சுற்றிவரும் ஓட்டம் 1970களின் நடுப்பகுதியில் தொடங்கியது. பசிக் கருத்தரங்கு என்று பொருள்படும் பெயரால் இது அழைக்கப்படுகின்றது. ஓட்டம் எந்த நாளில் என்பதும் எந்தத் தடத்தில் என்பதும் ஆண்டுதோறும் மாறாதவை ஆதலால் இதற்குத் தனியான அழைப்பு தேவைப்படுவதில்லை.

தடங்களை இழந்த வரலாறு

மரின் குன்றுகளின் தடங்கள் மிதிவண்டிகளுக்கு முன்பே நடைபயணிகளாலும் குதிரையோட்டிகளாலும் பயன்படுத்தப்பட்டு வந்தவை. அத்தடங்களை வெட்டியவர்களும் பராமரித்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. 1980களில் கடைகளில் வாங்கிய மலை மிதிவண்டிகளுடன் ஆயிரக்கணக்கானோர் அங்கு வரத் தொடங்கியபோது, வளைவில் திடீரென எதிர்ப்படும் மிதிவண்டியால் நடப்பவர் அஞ்சுவதும் குதிரைகள் மிரள்வதும் வழக்கமாயின. மண் அரிப்புப் பற்றிய குறைகூறல்களும் எழுந்தன. நிலத்தை ஆளும் அமைப்புகள் ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவற்றை மிதிவண்டிகளுக்கு மூடின. அகலமான மண்சாலைகள் மட்டும் திறந்திருந்தன. அவற்றிலும் மணிக்கு 15 மைல், அதாவது சுமார் 24 கி.மீ. என்ற வேக வரம்பும், பிறரைக் கடக்கும்போதும் மறைவான வளைவுகளிலும் மணிக்கு 5 மைல் என்ற வரம்பும் விதிக்கப்பட்டன. வேகம் அளக்கும் ராடார் கருவியுடன் காவலர்கள் காட்டுச் சாலையில் நின்று மிதிவண்டியாளர்களுக்கு அபராதம் விதித்த காட்சியும் அங்கு காணப்பட்டது.

தேசியப் பூங்காச் சேவை 1987இல் தன் நிலங்களில், சாலைகளுக்கு வெளியே மிதிவண்டிக்கென அறிவிக்கப்பட்ட தடங்கள் தவிர மற்றவற்றில் மிதிவண்டி ஓட்டத்தைத் தடை செய்தது. இதனடிப்படையில் மரினிலுள்ள கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியில் பல தடங்கள் மூடப்பட்டதை எதிர்த்து உள்ளூர் மிதிவண்டி அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பூங்காச் சேவையின் முடிவே செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இவ்வாறு, இவ்விளையாட்டு பிறந்த இடத்திலேயே அதற்கான ஒற்றையடிப் பாதைகள் மிக அரிதாயின. ஃபேர்ஃபேக்ஸ் அருகே சாரணர் இயக்கத்துக்குச் சொந்தமான டமராஞ்சோ முகாமில் தன்னார்வலர் உழைப்பால் உருவான தடங்கள் குறிப்பிடத்தக்க விதிவிலக்காகும். அங்கு ஓட்டுவதற்குக் கட்டணம் செலுத்தி அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும்.

இந்நிலை பிற இடங்களுக்கும் பரவாமல் தடுக்கும் நோக்குடன் கலிபோர்னியாவின் சில கழகங்கள் 1988இல் ஒன்றிணைந்து பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கத்தை நிறுவின. இச்சங்கம் வகுத்த தட விதிகள் ஆறு. திறந்திருக்கும் தடங்களில் மட்டும் ஓட்டுதல், தடயம் விடாமை, வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல், உரியவருக்கு வழிவிடுதல், விலங்குகளை அச்சுறுத்தாமை, முன்கூட்டியே திட்டமிடுதல் என்பன அவை. தனி ஒருவர் இவற்றை மீறினால் அது அவரது குற்றமாகப் பார்க்கப்படும். பத்துப் பேர் கொண்ட குழு மீறும்போது மிதிவண்டியாளர்கள் அனைவர் மீதும் பழி விழுகின்றது. குழுவை அழைத்துச் செல்பவரின் பொறுப்பு கூடுதலாவது இதனாலேயே.

ஓட்டத்தை ஒழுங்கு செய்தல்

குழு ஓட்டத்துக்கான அழைப்பில் இடம்பெற வேண்டியவை பல. தடத்தின் பெயர், கூடுமிடம், புறப்படும் நேரம், தொலைவு, மொத்த ஏற்றம், தடத்தின் கடினம், ஓட்டத்தின் வேகம் ஆகியன இவற்றுள் முக்கியமானவை. புதியவர்கள் தொலைவை மட்டுமே பார்ப்பர். மலைத்தடத்தில் தொலைவைவிட ஏற்றமே களைப்பைத் தீர்மானிக்கின்றது. சமதளத் தார்ச்சாலையில் 20 கி.மீ. என்பது ஒரு மணிநேர வேலை. அதே 20 கி.மீ. தொலைவில் 600 மீட்டர் ஏற்றமும் கற்களும் இருந்தால் இரண்டரை மணிநேரமோ அதற்கு மேலோ ஆகும். கூடுமிடத்துக்கு வரும் நேரமும் புறப்படும் நேரமும் தனித்தனியே குறிப்பிடப்படுவது வழக்கம். காரிலிருந்து வண்டியை இறக்கி, சக்கரத்தைப் பொருத்தி, காற்றடித்து முடிக்க எவருக்கும் கால்மணி நேரம் ஆகிவிடும் என்பதே காரணம்.

தடங்களின் கடினத்தைக் குறிக்கப் பனிச்சறுக்குத் தடங்களிலிருந்து எடுக்கப்பட்ட குறியீடுகள் வழங்குகின்றன. பச்சை வட்டம் எளிய தடத்தையும், நீலச் சதுரம் நடுத்தரமானதையும், கறுப்புச் சாய்சதுரம் கடினமானதையும், இரட்டைக் கறுப்புச் சாய்சதுரம் மிகக் கடினமானதையும் குறிக்கின்றன. இவை ஒரே பகுதிக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே பயன்படும். ஓரிடத்தின் நீலச் சதுரம் வேறோரிடத்தில் கறுப்பாக இருக்கக்கூடும். அதனால் அனுபவமுள்ள ஒழுங்கமைப்பாளர், தான் ஓட்டிப் பார்த்திராத தடத்துக்குப் பிறரை அழைப்பதில்லை.

வேகத்தைச் சொல்வதே கடினமான பகுதி. "நடுத்தர வேகம்" என்ற சொல்லை ஒவ்வொருவரும் தத்தம் வேகமாகவே புரிந்துகொள்கின்றனர். இதற்கு மாற்றாக, சென்ற முறை இதே தடத்தை எவ்வளவு நேரத்தில் முடித்தோம், இடையில் எத்தனை முறை நின்றோம் என்று கூறுவது தெளிவானது. பல குழுக்கள் "யாரையும் விட்டுவிடாத ஓட்டம்" என்று முன்பே அறிவிக்கின்றன. அதன்படி எவர் பின்தங்கினாலும் மற்றவர்கள் காத்திருப்பர். குழுவின் வேகம் அதில் மிக மெதுவாக வருபவரின் வேகமே என்பதை ஏற்றுக்கொண்டவர்களே இவ்வகை ஓட்டத்துக்கு வர வேண்டும். வேகமாக ஓட்ட விரும்புவோருக்கு அதில் தவறொன்றும் இல்லை. அவர்கள் அதற்கெனத் தனி ஓட்டத்தை அறிவித்துக்கொள்வது நல்லது. இரண்டையும் ஒரே அழைப்பில் கலப்பதனாலேயே மனத்தாங்கல்கள் பெரும்பாலும் ஏற்படுகின்றன.

எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. ஒருவருக்குப் பஞ்சர் ஆனால் அனைவரும் நிற்க வேண்டும். பன்னிரண்டு பேரில் மூவருக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் பழுதுபார்க்க நேர்ந்தால் அரை மணிநேரம் போய்விடும். ஒற்றையடிப் பாதையில் எதிர்வரும் நடைபயணிக்கும் பன்னிரண்டு மிதிவண்டிகள் வரிசையாகக் கடக்கும் வரை ஒதுங்கி நிற்பது எரிச்சலூட்டும். ஆகவே எட்டுப் பேருக்கு மேற்பட்டால் இரண்டு குழுக்களாகப் பிரிந்து, இடைவெளி விட்டுப் புறப்படுவது சிறந்தது.

பருவமும் நேரமும்

மரின் பகுதியில் மழை பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்கின்றது. நனைந்த களிமண் தடத்தில் டயர்கள் பதிக்கும் பள்ளம் வெயிலில் காய்ந்து இறுகிவிடுகின்றது. அடுத்த மழையில் நீர் அப்பள்ளத்தின் வழியே ஓடி அதனை வாய்க்காலாக்கிவிடும். சேற்றைத் தவிர்க்க ஓரமாக ஓட்டுபவர்களால் தடம் அகன்று, செடிகள் அழிகின்றன. டயரில் சேறு ஒட்டினால் அன்று தடம் ஓட்டத்துக்கு ஏற்றதன்று என்பது எளிய அளவுகோல். மழை நின்ற மறுநாள் ஓட்டத்தைத் தள்ளிவைக்கும் செய்தி அனுப்ப ஒழுங்கமைப்பாளருக்குத் தயக்கம் இருக்கலாம். ஆனால் அன்று ஓட்டாமல் இருப்பதே தடத்துக்குச் செய்யும் பெரும் பராமரிப்பு.

சேற்றுக்கு மற்றுமொரு தீமையும் உண்டு. கலிபோர்னியாவின் ஓக் மரங்களை அழித்துவரும் திடீர் ஓக் மடிவு என்னும் நோய் 1990களின் நடுப்பகுதியில் மரின் மாவட்டத்தில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. இந்நோய்க் கிருமி ஈரமண்ணில் ஒட்டிக்கொண்டு காலணி, டயர் ஆகியவற்றின் மூலம் புதிய இடங்களுக்குப் பரவக்கூடியது. ஓட்டம் முடிந்த இடத்திலேயே சேற்றைத் துடைத்துவிட்டுச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுவது இதனாலாகும்.

டிசம்பரில் அங்கு மாலை 5 மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகின்றது. டாமல்பையஸ் மலையின் நீர்ப்பிடிப்பு நிலங்கள் கதிரவன் உதிக்கும் முதல் மறையும் வரை மட்டுமே திறந்திருப்பன. இரண்டு மணிக்குப் புறப்படும் மூன்று மணிநேர ஓட்டம் எப்படிக் கணக்கிட்டாலும் இருட்டில் முடியும். கோடையில் நேரம் தாராளம். எனினும் பசிபிக் கடலிலிருந்து வரும் மூடுபனி வெயிலான பிற்பகலைச் சில நிமிடங்களில் குளிராக்கிவிடும். மெல்லிய மேற்சட்டை ஒன்றைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொள்வது அப்பகுதி மிதிவண்டியாளர்களின் வழக்கம்.

தடத்தில்

புறப்படும் முன் தலைகளை எண்ணுதல் முதல் வேலை. வழி தெரிந்தவர் முன்னால் செல்வார். வழி தெரிந்த இன்னொருவர், கருவிகளுடன், கடைசியாக வருவார். இவருக்கு முன்னால் எல்லோரும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. எந்தக் கிளைப்பாதை வந்தாலும் முன்னால் செல்பவர் அங்கே நின்றுவிட வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்த பின்னரே குழு திரும்பும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் எவரும் வழி தவறுவதில்லை.

காத்திருப்பதிலும் ஒரு முறை உண்டு. மேட்டில் முன்னே ஏறியவர்கள் பத்து நிமிடம் நின்று தண்ணீர் குடித்து இளைப்பாறுகின்றனர். மூச்சிரைக்க வந்து சேரும் கடைசி ஆளைக் கண்டதும் "எல்லோரும் வந்துவிட்டோம், போகலாம்" என்று புறப்பட்டுவிடுகின்றனர். இவ்வாறு ஓய்வு தேவையற்றவர்களுக்கு ஓய்வும், தேவைப்படுபவருக்கு ஓய்வின்மையும் ஒவ்வொரு மேட்டிலும் நிகழ்கின்றன. மூன்றாவது மேட்டுக்குப் பின் அவர் இறக்கத்தில் தடுமாறி விழுவதற்கும், அடுத்த வாரம் வராமல் போவதற்கும் இதுவே காரணமாகின்றது. பெயரளவில் "யாரையும் விட்டுவிடாத ஓட்டம்" என அறிவிக்கப்பட்டவற்றிலும் இக்குறை பரவலாகக் காணப்படுகின்றது. கடைசி ஆள் வந்த பிறகே ஓய்வு நேரம் தொடங்குகின்றது எனக் கொள்ளுதல் இதற்குத் தீர்வு. சில குழுக்களில் அவரையே அடுத்த பகுதியில் முன்னால் விட்டு, மற்றவர்கள் பின்தொடர்கின்றனர்.

இறக்கத்தில் ஒருவருக்கொருவர் போதிய இடைவெளி விட வேண்டும். முன்னால் செல்பவர் விழுந்தால் பின்னால் வருபவர் நிறுத்திக்கொள்ள முடியும் அளவே போதிய இடைவெளி. கூர்மையான சரிவுகளில் ஒருவர் முழுதும் இறங்கிய பின் அடுத்தவர் இறங்குவது சிறந்தது. தன்னால் இயலாது எனத் தோன்றும் இடத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வதைக் குழு இயல்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். "முயன்று பார்" என்ற ஊக்கச் சொல்லால் எலும்பு முறிந்தவர்கள் பலர்.

வழிவிடும் முறையில், மிதிவண்டியாளர் நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழிவிட வேண்டும். மிதிவண்டிகளுக்குள், இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்டால் மீண்டும் மிதித்துப் புறப்படுவது கடினம் என்பதே இதன் அடிப்படை. நடைபயணிகளைச் சந்திக்கும்போது வேகத்தைக் குறைத்து, வணக்கம் கூறி, "பின்னால் இன்னும் ஐந்து பேர் வருகின்றனர்" என எண்ணிக்கையையும் முதலாமவர் அறிவிப்பது நல்ல வழக்கம். இல்லையேல் முதல் வண்டி போனதும் அவர்கள் மீண்டும் தடத்தின் நடுவே வந்துவிடுவர். குதிரை எதிர்ப்பட்டால் முழுதும் நின்று, வண்டியிலிருந்து இறங்கி, தடத்தின் சரிவுப் பக்கமாக ஒதுங்கி, இயல்பான குரலில் பேச வேண்டும். தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்து அசைவின்றி நிற்கும் உருவத்தைக் குதிரை மனிதனாக அறிவதில்லை. குரல் கேட்டதும் அமைதியடைகின்றது.

கருவிகளும் பழுதும்

ஒவ்வொருவரும் தம் வண்டிக்குப் பொருந்தும் மாற்று டியூப் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். சக்கர விட்டங்கள் 26, 27.5, 29 அங்குலம் எனப் பலவாக இருப்பதால் பிறருடையது பொருந்தும் என நம்பியிருக்க முடியாது. காற்றடிக்கும் பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல், அறுகோணச் சாவிகள், சங்கிலியைப் பிரிக்கும் கருவி, சங்கிலி இணைப்புக் கண்ணி ஆகியன குழுவுக்கு ஒரு தொகுதியேனும் இருத்தல் வேண்டும். டியூப் இல்லாத டயர்களில் ஊற்றப்படும் அடைப்புத் திரவம் முள் குத்திய சிறு துளைகளைத் தானே மூடிவிடுகின்றது. ஆனால் கல் கிழித்த டயருக்கு இது உதவாது. அப்போது உள்ளே டியூப் போட்டே திரும்ப வேண்டும். பின்கியரைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு வண்டிக்கு வண்டி வேறுபடுவது. கீழே விழுந்தால் வண்டிச் சட்டம் கெடாமல் தான் முதலில் வளையுமாறு அது செய்யப்பட்டுள்ளது. தொலைவான ஓட்டங்களுக்கு அதையும் ஒன்று கூடுதலாக எடுத்துச் செல்வர்.

பழுதைவிடக் காயமே கவலைக்குரியது. மலை மடிப்புகளில் கைப்பேசிக்கு அலை கிடைக்காமல் போவது இயல்பு. எங்கே செல்கின்றோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுவதும், அருகிலுள்ள சாலை எப்பக்கம் என அனைவரும் அறிந்திருப்பதும் தேவை. ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் ஒருவர் அவருடன் இருக்க, மற்றவர்கள் உதவி தேடிச் செல்ல முடியும். தலையில் அடிபட்டவர் தனக்கு ஒன்றுமில்லை என்று கூறினாலும் அவரைத் தனியே வண்டியோட்டித் திரும்ப விடலாகாது.

விலங்குகளால் நேரும் தீங்கு மிக அரிது. எனினும் நடந்துள்ளது. 2004 ஜனவரி 8ஆம் நாள் தெற்குக் கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்திலுள்ள வைட்டிங் ராஞ்ச் பூங்காவில் மலைச்சிங்கம் ஒன்று மிதிவண்டியில் தனியே வந்த ஒருவரைக் கொன்றது. அதே நாளில் சற்று நேரம் கழித்து அதே தடத்தில் வந்த ஒரு பெண்ணைத் தலைப்பகுதியில் கவ்வி இழுத்தது. உடன் வந்த தோழி அவரது காலைப் பற்றிக்கொண்டு விடவில்லை. கூக்குரல் கேட்டு வந்த பிற மிதிவண்டியாளர்கள் கல்லெறிந்து விலங்கை விரட்டினர். அப்பெண் உயிர் பிழைத்தார். 2024 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்தில் ஐந்து பெண்கள் ஒன்றாக ஓட்டிச் சென்றபோது ஒருவரை மலைச்சிங்கம் முகத்தில் கவ்வியது. மற்ற நால்வரும் போராடி அவரை விடுவித்ததுடன், அலுவலர்கள் வந்து சேரும்வரை விலங்கை மிதிவண்டி ஒன்றின் கீழ் அழுத்திப் பிடித்திருந்தனர்.

பிற நாடுகளில்

தடங்களில் ஓட்டும் உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், ஓரிடத்தின் வழக்கத்தை அப்படியே மற்றோரிடத்தில் பின்பற்ற முடியாது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் குதிரைப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் உரிமையை வழங்கியது. நடைபாதைகளில் அவ்வுரிமை இல்லை. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பொறுப்புடன் நடந்துகொள்ளும் வரை, மிதிவண்டியாளர் பெரும்பாலான நிலங்களிலும் தடங்களிலும் செல்லலாம். சிங்கப்பூரில் இயற்கைக் காப்பகங்களின் நடைபாதைகளில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. அதற்கு மாற்றாகப் புக்கிட் தீமா காப்பகத்தின் ஓரமாகத் தனி மிதிவண்டித் தடமும், புலாவ் ஊபின் தீவில் கெத்தாம் மலை மிதிவண்டிப் பூங்காவும் அமைக்கப்பட்டுள்ளன. பின்னதில் தடங்களின் கடினம் மேற்கூறிய குறியீடுகளால் காட்டப்பட்டுள்ளது.

ரீபேக் சாலை இன்றும் மிதிவண்டிகளுக்குத் திறந்துள்ளது. தொடக்க கால மிதிவண்டிகள் சிலவற்றை, ஃபேர்ஃபேக்சில் 2015இல் திறக்கப்பட்ட மரின் மிதிவண்டி அருங்காட்சியகத்தில் காணலாம்.